என் கையில் ஒரு பச்சைத் தேள்

என் வலது கையில, மணிக்கட்டுக்கு மேலே உள்பக்கமா ஒரு தேள் இருக்குது. பச்சை குத்தினது. கொடுக்கைத் தூக்கிட்டு நிக்கற தேள்னு குத்தினவ சொன்னா. பார்க்கறவங்க பல்லியாங்கறாங்க. எனக்கே பாதி நாள் அது பல்லியாட்டந்தான் தெரியும். இந்தக் கருமத்தை அறுத்து எறியறதுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க வாயைக் கட்டிட்டு, மலையிறங்கிப் போயி, ஒரு டாக்டர் முன்னால கையை நீட்டிட்டு நின்னவ நான்.

கீழ்நாட்டுக்காரங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். அங்கே பச்சை குத்தாத பொம்பளையைத்தான் அதிசயமாப் பார்ப்பாங்க. எங்க கொல்லிமலையில அப்படியே தலைகீழ். பச்சை குத்தின உடம்பு சாமி இருக்கற உள்ளூட்டுக்குள்ளே கால் வைக்கக் கூடாது. ஏன் கூடாதுன்னு கேட்டா, ஆகாதுன்னா ஆகாதுதான்னு பதில் வரும். அதுக்கு மேலே கேட்டா வாயாடின்னு பேர் வரும். எனக்கு அந்தப் பேர் சின்ன வயசுலேயே வந்துடுச்சு.

மலையடிவாரத்துல புளியஞ்சோலைப் பக்கம் ஒரு கோயில் நோம்பிக்கு எங்கப்பன் கூட்டிட்டுப் போயிருந்தாரு. அந்த ஊர்ப் புள்ளைங்க எல்லாத்துக்கும் கையில கோலம், மயில், தேருன்னு இருந்துச்சு. என் கையைப் பார்த்து, கழுவி வெச்ச சட்டியாட்டம் இருக்குதுன்னு சிரிச்சாளுங்க. எனக்கு ரோசம் வந்துடுச்சு. பச்சை குத்தறவகிட்டப் போயி, எல்லாத்தையும் விடப் பயமானது எதுவோ அதைக் குத்துன்னு கையை நீட்டிட்டேன். ஊடு வந்து சேர்ந்ததும் எங்கம்மா வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டா. இவளை எவன் கட்டுவான்னு ஊரே பேசுச்சு. என் மாமன் மகன் மட்டும், "தேளோ பாம்போ, முறை எனக்குத்தான்"னு சொல்லிக் கட்டிக்கிட்டாரு. மலை மேலேயே திருப்புலி நாட்டுல அவரு ஊடு.

அந்த ஊட்டுல நானும் என் ஓரகத்தியும் ஒண்ணாத்தான் இருந்தோம். எங்கூட்டுக்காரருக்கு அண்ணன் சம்சாரம் அவ, நான் அக்கான்னு கூப்பிடுவேன். விளக்கு வைக்கறது, புதுத் தானியத்தைச் சாமி முன்னால வைக்கறது எல்லாம் அவ. எனக்கு வெளியடுப்பு. புகையில கண்ணு எரிஞ்சாலும் நாக்கு நல்லா இருந்ததால அவளோட சரிக்குச் சரி சண்டை போட்டுக் காலத்தை ஓட்டிட்டேன்.

மகளுக்குக் கல்யாணம் பேசினதும்தான் என் தேள் என்னையே கொட்ட ஆரம்பிச்சுது. எங்க ஊட்டுல ஒரு வழக்கம். சாமி முன்னால வெச்ச சாமையைப் பெத்தவ உள்ளூட்டுல நின்னு பொண்ணு மடியில போடணும். பொண்ணு அதைக் கட்டிட்டுப் போயி, புருசன் ஊட்டுக் காட்டுல முதல் விதைப்புக்குக் கலந்துக்குவா. பெத்தவளுக்கு ஆகலைன்னா பெரியம்மாக்காரி போடலாம். எனக்கு இருக்கறது ஒத்தைப் பொண்ணு. அவளைச் சுமந்தவ நான், பால் குடுத்தவ நான், மடி நிறைக்க மட்டும் இன்னொருத்தியா? நினைச்சாலே நெஞ்சு எரிஞ்சுது.

அந்தச் சமயம் செம்மேட்டுச் சந்தையில ஒரு மிளகு வியாபாரியைப் பார்த்தேன். அவரு கழுத்துல எலுமிச்சம்பழமாட்டம் ஒரு கட்டி தொங்கிட்டிருக்கும். அன்னைக்குக் கட்டியைக் காணோம். கீழே ஒரு டாக்டர் அறுத்துத் தைச்சாராம். கிட்டப் போயிப் பார்த்தேன், நூல் ஓடின மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். கட்டியை எடுக்கறவரு தேளை எடுக்க மாட்டாரான்னு எனக்குள்ளே ஓடுச்சு.

ஆனா எனக்கு நீரிழிவு. எத்தனை தண்ணி குடிச்சாலும் நாக்கு வறளும். ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்க்கும். கால் கட்டைவிரல்ல கல் இடிச்ச ஒரு காயம் மாசக்கணக்கா ஆறாம சீழ் வெச்சுக்கிட்டே கிடந்துச்சு. டாக்டரு இதைப் பார்த்துட்டு மாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னு பயந்து, சந்தையில ஒருத்தி சொன்னபடி சேங்கொட்டையை வாங்கியாந்தேன். அதோட பாலை வெச்சா தோலு வெந்து உரிஞ்சு பச்சையும் போயிடுமாம். வெளியடுப்புல குந்தி அதைச் சுட்டுட்டிருக்கறப்ப, அக்கா வந்து கரண்டியைப் பிடுங்கி வீசினா.

"அறிவிருக்குதாடி உனக்கு? கால் விரலே ஆறல, கையையும் வேக வைக்கப் போறியா?"

"ஆமாக்கா, நான் உள்ளே வந்துட்டா உங்க பவுசு குறைஞ்சுடுமில்ல?"ன்னு கேட்டுட்டேன். அவ மூஞ்சி கறுத்துப் போச்சு. திரும்பிப் போயிட்டா. அதுக்கப்புறம் எங்களுக்குள்ளே பேச்சே இல்ல.

ஆடி மாசம் நானும் எங்கூட்டுக்காரரும் மலையிறங்கினோம். கட்டியை அறுத்த அந்த டாக்டர் என் கையைப் பார்த்துட்டுச் சிரிச்சாரு. "ஏம்மா, ஊரு உலகத்துல குத்திக்கத்தான் போவாங்க, நீ எடுக்க வந்திருக்கியா?" நான் சாமை போடற விசயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திட்டாரு. எங்கிட்ட ஒண்ணுக்கு பிடிச்சு வாங்கி, கண்ணாடிக் குழாயில ஒரு நீல மருந்தோட கலந்து, விளக்குல காட்டினாரு. நீலம் போயி செங்கல் நிறமா ஆச்சு.

"அறுத்துத் தைக்கறது பெரிய வேலை இல்லம்மா. ஆறணுமே! உன் ரத்தத்துல இனிப்பு நிக்குது. ஊசி மருந்து போடலாம்னா, உலகச் சண்டை நடக்கற காலம், சீமையிலிருந்து கப்பல்ல வர்றது வர மாட்டேங்குது. வாயைக் கட்டு. இனிப்பு குறைஞ்சு இது பச்சை நிறத்துக்கு வந்தா யோசிக்கலாம்."

வாயைக் கட்டறதாம்! கொல்லிமலையில இருந்துக்கிட்டு! பலா ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தேன் ஆகாது, குச்சிக்கிழங்கு கூடாது. பின்னே என்னத்தைத் தின்னறதுங்கன்னு கேட்டேன். கீரை, மோரு, கொஞ்சமாக் கேழ்வரகுன்னாரு. கட்டினேன். மத்தவங்க பலாச்சுளையை உரிக்கறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டு காட்டுக்குப் போயிடுவேன். பசியில எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன், கோழியைக்கூட விடல. எங்கூட்டுக்காரரு பாவம், எனக்காகத் தானும் பழம் தின்னறதை விட்டுட்டாரு. திருட்டுத்தனமாத் தின்னிருப்பாரோ என்னமோ, எங்கண்ணுல படல.

மழை ஓய்ஞ்சதும் மறுபடி போனோம். குழாய் பச்சையா நின்னுச்சு. "அறுங்க டாக்டருங்க!"ன்னு கையை மேசை மேலேயே வெச்சுட்டேன். அவரு கையைப் பார்க்கல. குனிஞ்சு என் கால் விரல்ல சுத்தியிருந்த துணியை அவிழ்த்தாரு. புண்ணு சிறுத்திருந்துச்சே தவிர வாய் மூடல. சுத்தி அமுக்கிப் பார்த்தாரு.

"உன் ஆசை தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நீ பட்டினி கிடந்திருக்கறதும் தெரியுது. ஆனா இந்த விரலு ஆறாத உடம்புல நான் புதுசா ஒரு காயம் பண்ணணும். ஆறினா ஆறுச்சு. ஆறாம அழுகினா, கையையே எடுக்கும்படி ஆகும். உயிருக்கும் உத்தரவாதம் இல்ல. நானா இருந்தா அறுக்க மாட்டேன். உன் கை, நீ சொல்லு."

திட்டி வெளியே தள்ளியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன். நீ சொல்லுன்னு விட்டதும் எனக்கு வாயே வரல. எங்கூட்டுக்காரரு மெதுவா, "எனக்கு இந்தக் கை வேணும் புள்ள"ன்னாரு.

"கஞ்சி ஊத்த ஆள் வேணுமாக்கும்?"

"ஆமா, அதுக்குத்தான்"னாரு. சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. நான் மேசை மேலே இருந்த கையை எடுத்துக்கிட்டேன்.

மலையேறி வர்ற வழியெல்லாம் அழுதேன். டாக்டர் மேலே கோவம், குத்தினவ மேலே கோவம், சாமி மேலேயும் கோவம். இத்தனை பெரிய மலையைக் காக்கற சாமிக்கு ஒரு பல்லியைப் பார்த்துப் பயமா? அப்படியே வாய்விட்டுக் கேட்டேன். எங்கூட்டுக்காரரு கேக்காத மாதிரி நடந்தாரு.

தை மாசம் கல்யாணம். பொண்ணை உள்ளூட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம், முந்தானையில கையைச் சுத்தி மறைச்சுக்கிட்டு நின்னேன். அக்கா முறத்துல சாமையை எடுத்து மடியில போடறது தெரிஞ்சுது. சாமை விழற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டேன், கல்யாணத்துல அழுதா ஆகாது.

மக வெளியே வந்தா. நேரா எங்கிட்ட வந்து மடியை விரிச்சா.

"பாரும்மா, பெரியம்மா கஞ்சத்தனம் பண்ணிட்டாங்க. மடி நிறையவே இல்ல."

எனக்கு ஒண்ணும் புரியல. உள்ளேயிருந்து அக்கா குரல் வந்துச்சு. "ஆமாண்டி, ஒரு கை குறைச்சுத்தான் போட்டேன். அதைப் பெத்தவ போடட்டும். எல்லாத்தையும் நானே செய்யணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" மிச்சச் சாமையோட முறத்தை நிலைப்படி தாண்டி என் காலுக்கு முன்னால தள்ளி விட்டா.

பெரிய மனுசங்க ரெண்டு பேரு முணுமுணுத்தாங்க. அக்கா விடல. "ஏனுங்க, அவ உள்ளே வரக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? சாமை வெளியே வரக் கூடாதுன்னா சொன்னீங்க? வெளியே வராம எந்தக் காட்டுல விதைக்கறது?"

பேச்சு நின்னு அத்தனை மாசத்துக்கு அப்புறம் அவ மூஞ்சியை அன்னைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். "வேகமாப் போடுடி, நேரம் போகுது"ன்னு அதட்டினா.

முந்தானையை உதறிட்டுக் குனிஞ்சு, வலது கையால அள்ளினேன். சாமை விரலிடுக்குல ஒழுகி, வேர்வையில தேள் மேலேயும் ஒட்டிக்கிச்சு. மடியில போட்டேன். மக மடியைக் கட்டப் போனவ, நிறுத்திட்டு என் கையைப் பிடிச்சா. அந்தத் தேள் மேலே ஒட்டியிருந்த சாமையை ஒண்ணு விடாம விரலால தள்ளி, அதையும் மடியில போட்டு முடிஞ்சுக்கிட்டா.