ஒரு மார்க்கில் நின்ற செல்வி அக்கா

மனநல முகாமில் என் முதல் வேலை, டேப்லெட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பது. ஒவ்வொரு பதிலுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை பத்தானால் மனச்சோர்வு 'ஆம்'; செஞ்சியில் டாக்டரைப் பார்க்கச் சீட்டு வரும். ஒன்பது வரை 'இல்லை'. உளவியல் படித்த எனக்கு இந்தத் தெளிவு மிகவும் பிடித்திருந்தது.

தொண்டூர்ப் பக்கம் ஒரு கிராமம். மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொன்னது என் பிழை. ஐந்து நிமிடத்தில் முகாம் பரீட்சை ரிசல்ட் ஆகிவிட்டது.

"எனக்கு நாலு. உனக்கு?"

"ஆறு. நான்தான் ஃபர்ஸ்ட்டு!"

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் செல்வி அக்காவுக்கு ஒன்பது. ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. பிடுங்கிய காயை உலர்த்தக்கூட எழ முடியவில்லை என்றார். டேப்லெட் 'இல்லை' என்றது.

"ஒரு மார்க்குல ஃபெயிலா? போட்டு வுடு கண்ணு."

"அப்படிப் போடக் கூடாதுக்கா."

"மல்லாட்டைய காய வெக்கிறோம். எந்த நிமிஷத்துல ஈரம் போயி காஞ்சுதுன்னு சொல்லு பாப்போம்?"

விடாமல் நானும் கேட்டேன். "அப்ப மண்டில ஈரம் பாத்து எப்படிக்கா வாங்குறாங்க?"

"அவன் வேலைக்கு அவன் ஒரு கணக்கு வெச்சிக்கினான். அதுக்குன்னு என் காயில ஈரமே இல்லன்னுடுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பையை எடுத்தார். "சரி, வரேன். சோம்பேறித்தனம்னு எங்க வூட்டுக்காரரு சொல்றது நெசம்தான் போல. மிஷினே சொல்லிடுச்சி."

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"பத்துன்னு வெச்சது யாரையும் தவற விடாம இருக்கத்தாம்மா. வந்தவங்கள திருப்பி அனுப்பவா? கையால எழுதி அனுப்பு," என்றார்.

எழுதினேன்: மதிப்பெண் ஒன்பது. ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை. காய் உலர்த்தும் வேலை நின்றுவிட்டது.

அக்கா இரண்டு முறை படித்தார். "சோம்பேறின்னு எங்கியும் காணமே?"

"இல்லக்கா."

"அப்ப இதே மாதிரி இன்னொண்ணு எழுது. எங்க வூட்டுக்காரருக்கு."

இப்போதெல்லாம் எவ்வளவு மதிப்பெண், எத்தனை நாளாக, எந்த வேலை நின்றது என்ற மூன்றையும் எல்லோருக்கும் எழுதுகிறேன். அன்று அந்த இரண்டாவது சீட்டை எழுதும்போதுதான் உறைத்தது: அவரை அப்படியே அனுப்பியிருந்தால், டேப்லெட்டின் 'இல்லை' நேராக அவர் வீட்டுக்குப் போய்ச் 'சோம்பேறி' என்றாகியிருக்கும்.