மாப்பிள்ளை போன வீடு

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால், "அனுபவத்தைச் சொல்லுங்க மிஸ்" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். இனிப்பாக இருக்காது.

1. மேல்மாடி

கல்முனைப் பக்கத்தில் ஓர் அரச நூலகம். அதன் மேல்மாடியில் பழைய ஆவணப் பிரிவு. நான் அங்கே ஆவண உதவியாளர். சுனாமிக்கு முன்பு எங்கள் பிரிவுக்கு ஆட்கள் வந்தது மழைக்கு ஒதுங்கத்தான். கடல் வந்து கீழ்மாடிப் புத்தகங்களைக் கொண்டுபோனது. மேல்மாடி தப்பியது. அதன்பிறகு வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. எல்லோருக்கும் திடீரென்று குடும்ப வரலாறு தேவைப்பட்டது. பெருமைக்கு அல்ல. நான் இன்னாரின் மகள், இந்த இடத்தில்தான் இருந்தேன் என்று அரசாங்கத்துக்குக் காட்ட.

எங்கள் தேடல் படிவத்தில் மூன்று கோடுகள். பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர். தாய்க்குக் கோடு இல்லை. கொழும்பில் யாரோ அடித்த படிவம். அந்த ஆளை நான் கடைசிவரை சந்திக்கவில்லை. அவருடைய அதிர்ஷ்டம்.

2. ஜெசீமா

யுத்தம் முடிந்த வருசம். றோட்டில் வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஜெசீமா என்ற பெண் படியேறி வந்தாள். கடற்கரையில் இருந்த அவளுடைய வீடு, புருசன், தாய் எல்லாம் சுனாமியன்று ஒரே காலையில் போனது. இரண்டு பெண்பிள்ளைகள் மிச்சம். வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். திறப்பு, அதாவது சாவி, மட்டும் கையில் வரவில்லை. புருசனின் மூத்த சகோதரர் பிரதேச செயலகத்தில் ஆட்சேபனை கொடுத்திருந்தார். பழைய கடற்கரை வளவு எங்கள் அப்பாவின், அதாவது வாப்பாவைப் பெற்ற தகப்பனின், காணி, அதற்குப் பதிலாகக் கிடைக்கும் வீடு தம்பியின் சொத்து, தம்பிக்கு ஆண்பிள்ளை இல்லை, ஆகவே சகோதரர்களுக்கும் பங்கு உண்டு என்பது அவருடைய கணக்கு.

"மிஸ், அது உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. அவவுக்கு அவட உம்மா குடுத்த. ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்ச ஊர் கையொப்பம் வைக்குமா?"

"கேட்டுப் பாத்தன். ஒருத்தரும் மாட்டாங்களாம். ஊர்ல பாதிப் பேருக்குப் படிப்பிச்ச பள்ளிக்கூட அதிபர் அவர்."

அவளுடைய உறுதிப் பத்திரம் வீட்டோடு போனது. உறுதி எழுதிய நொத்தாரிசின் கந்தோரும் கடற்கரையில்தான். அவரும் இல்லை, அவருடைய பிரதிகளும் இல்லை. காணிப் பதிவகத்தில் அந்த உறுதியைப் பதிந்திருக்கவே இல்லை. என்னிடம் இருந்தது மூன்று கோட்டுப் படிவம். அதில் அவளுடைய தகப்பனைத் தேடினேன். கிடைத்தார். வீட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெறுங்கையோடு அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

3. அதிபர்

அடுத்த கிழமை அதிபரே வந்தார். கண்ணில் ஒப்பரேசன் செய்து கறுப்புக் கண்ணாடி. கையைப் பிடித்துக்கொண்டு மனைவி ஆசியா உம்மா. அவரிடம் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தலும் சாப்பாட்டுப் பையும் இருந்தன.

"நூல் ஒண்டு எழுதப் போறன் மிஸ். எங்கட வாப்பாட வழி. நாலு தலைமுறை."

"நூலுக்கா சேர், பிரதேச செயலகத்துக்கா?"

அவர் மனைவி இருந்த பக்கம் திரும்பினார். பிறகு குரலைக் குறைத்தார். "ரெண்டுக்கும்தான். எங்கட அப்பா அந்தக் கடற்கரை வளவுல இருந்தவர் எண்டு ஒரு பதிவு கிடைச்சாப் போதும். இது எங்கட மார்க்க விசயம் மிஸ். உங்களுக்கு விளங்காது."

நான் காரைதீவுத் தமிழ்ப் பெண். "மார்க்கம் எனக்கு விளங்காது சேர். வீடு விளங்கும். எங்கட ஊர்லயும் வீடு பொம்பிளைக்குத்தான்."

அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நேராகப் பொறுப்பதிகாரியிடம் போனார். பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். "கேட்டதைத் தேடிக் குடுங்க. கேட்காததைக் கதைக்காதீங்க. விளங்கிச்சா?"

விளங்கியது. தேடினேன். முழுமூச்சாகத் தேடினேன். பிறப்புப் பதிவில் தகப்பன் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. அதையும் பழைய வாக்காளர் இடாப்பையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாகப் பின்னுக்குப் போகலாம். நாலு தலைமுறை கேட்டார். நாலும் கிடைத்தது.

4. வாசிப்பு

கண் தெரியாததால் நான்தான் வாசிக்க வேண்டும். ஆசியா உம்மா பக்கத்துக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"உங்கட அப்பாட வாப்பா பிறந்தது அட்டாளைச்சேனை. கலியாணத்துக்குப் பிறகு பாலமுனை, பெண்சாதிர வீட்ட. அங்க பிறந்தவர் உங்கட அப்பா. அவர் கலியாணம் முடிச்சு இந்த ஊருக்கு வந்திருக்கார். இருந்தது பள்ளிவாசல் றோட்டுல, பெண்சாதிர வீட்ட."

"கடற்கரை வளவு?"

"அங்க அவர்ட பேர் இல்ல சேர். உங்கட வாப்பா பள்ளிவாசல் றோட்டுல பிறந்து, கலியாணத்தோட சந்தை றோட்டுக்குப் போயிருக்கார். அதுவும் பெண்சாதிர வீடு. உங்கட தம்பி கலியாணம் முடிச்ச வருசத்துக்குப் பிறகுதான் கடற்கரை வளவுல உங்கட குடும்பத்துப் பேர் முதல்முதல் வருது."

"மத்த இடாப்பையும் பாருங்க."

"எல்லாம் பாத்தாச்சு. ஒரு ஆம்பிளையும் பிறந்த வீட்டுல மவுத்தாகல்ல சேர்."

ஆசியா உம்மா கண்ணைத் திறந்தார்.

"இஞ்ச பாருங்க. நீங்க நூலா எழுதுறீங்க, ஜெசீமாட வீட்டையா பறிக்கப் பாக்கிறீங்க?"

"நீ சும்மா இரி கா. அது சட்ட விசயம்."

"நீங்களும் என்ட வீட்டுக்கு வந்த மாப்பிள்ளதானே. நமக்கும் மூணும் பொண்புள்ளதான். நாளைக்கு நீங்க மவுத்தானா, உங்கட தம்பிமார் வந்து நான் சோறாக்குற என்ட குசினில பங்கு கேப்பாங்களா?"

"அது வேற."

"என்ன வேற? சொல்லுங்க, மிஸ்ஸும் கேக்கட்டும்."

சீல் குத்திக்கொண்டிருந்த பியோன் கையை நிறுத்திவிட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்காததைக் கதைக்கக் கூடாது என்பது உத்தரவு.

"வீட்ட போய்க் கதைப்பம்" என்றார் அதிபர்.

"ஆர்ர வீட்ட? என்ட வீட்டயா?"

அவர் எழுந்தார். அவசரத்தில் கைத்தடி மேசைக்காலில் சிக்கியது. ஆசியா உம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. பியோன்தான் பிடித்து இறக்கிவிட்டான்.

5. திறப்பு

ஆட்சேபனை வாபஸானது. "குடும்ப நலன் கருதி" என்று எழுதிக் கொடுத்தாராம். ஜெசீமாவுக்குத் திறப்புக் கிடைத்தது. அதைக் காட்டவே படியேறி வந்தாள்.

"மச்சான் எப்பிடி மிஸ் மனம் மாறின?"

"மனம் மாறல்ல. அவருக்கு ராச்சோறு வேணும்."

சிரித்தாள். பிறகு ஒதுக்கீட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தாள். மேலே இறந்துபோன புருசனின் பெயர். கீழே சின்ன எழுத்தில் அவளுடைய பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். பெயரை மாற்றும்வரை போனோம். என் வேலை அது இல்லை என்று பொறுப்பதிகாரி கடிதம் தந்தார். அது என் கோப்பில் கிடக்கிறது.

இதில் நீதி வென்றது என்று ஒருவரும் எழுத வேண்டாம். நீதி வெல்லவில்லை. அந்த மனுசன் சாப்பிடுகிற குசினி வேறு ஒருத்தியுடையது, அவ்வளவுதான். ஆசியா உம்மா அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் ஜெசீமா இன்றைக்கும் முகாம் கொட்டிலில்தான்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இது. படிவத்தில் இன்னமும் மூன்று கோடுதான். நிரப்பிக் கொடுங்கள், அது உத்தியோகம். நிரப்பிய பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, உங்கள் கையாலேயே நாலாவது கோட்டைக் கீறுங்கள். வந்தவர் அதிபரோ ஆண்டியோ, கேளுங்கள்: "இப்ப ஆர்ர வீட்டுல இரிக்கிறீங்க?" அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.