டைகருக்கு ஒரு முடிச்சு

மீன் கூடையோடு மங்கம்மா காசிமேடு போய்விட்டால், எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் டைகர் தனியாகக் கிடக்கும். கணவன் செத்தபின் அந்த வீட்டில் அவளுக்குத் துணை அதுதான். கடற்கரையில் திரிந்து பழகிய நாய், பூட்டிய வீட்டில் பொழுது போகாமல் நாள் முழுக்கக் குரைத்தது.

துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் கீழ்வீட்டு ரகுபதி ஏறி வந்தான். "யக்கா, இந்த வூட்டாண்ட ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீயே சொல்லு."

கடித்தால் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மை வாங்கிப் போட்டாள். "இதுக்குக் கொரைக்கிறதே தேவலாம்!" என்றான்.

பிறகு, அவிழ்த்துத் தின்பதிலேயே பொழுது போகட்டும் என்று, வலைத்துண்டில் கருவாட்டுத் தலைகளை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். அன்று வீடு அமைதியாக இருந்தது. மறுநாள் டைகர் பச்சை நைலான் இழைகளை வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தது. முடிச்சென்றதும் அவளுக்கு வலைதான் தோன்றியது. நாயின் பல் அதைக் கடித்துப் பிய்த்துவிடும் என்று தோன்றவில்லை. வியாபாரத்துக்குப் போகாமல் அதன் வயிற்றைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள்.

சத்தமே கேட்காததால் ரகுபதி மேலே வந்தான். "இன்னாக்கா, நாய் உசுரோட கீதா?"

"இப்பதான் கஞ்சி குடிச்சுது."

அவன் கீழே போய்த் தன் பழைய லுங்கியை எடுத்துவந்தான். "இனிமே கருவாட்ட இத்துல கட்டு. பெரிய முடிச்சா போடு, நான் சாயங்காலம்தான் எந்திரிப்பேன்."