சொல்லாத வருத்தம்

அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு வருத்தம், ஆஸ்துமா. மழைக்காலம் தொடங்கினால் மூச்சு முட்டிக் கீச்சிடும். கொட்டாஞ்சேனை வீட்டில் கதிரையில் குனிந்திருந்து மூச்சுக்காகப் போராடுவாள். வாயில் மருந்துப் பம்ப் அடித்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். தெளிந்த கையோடு என்னோடு சண்டைக்கு வருவாள்.

வெள்ளவத்தையிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. அம்மா எங்கள் இருவரையும் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"வருத்தத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. முட்டுக்காரி எண்டு தெரிஞ்சா ஆர் கட்டுவினம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு குளியலறையைப் பூட்டிக்கொண்டுதான் பம்ப் அடித்தாள். இருமினால் சளி, தடிமன் என்றாள். அவளுடைய மாமி, அத்தானின் அம்மா, நல்ல மனுஷி. வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சின்ன ஃப்ளாட் முழுக்கச் சாம்பிராணி போடுவார். கடைக்குப் போவதாகச் சொல்லி அக்கா கடற்கரைப் பக்கம் இறங்கிவிடுவாள். அங்கே நின்று எனக்கு ஃபோன் எடுப்பாள்.

"அத்தானிட்டச் சொல்லன்" என்றேன் ஒருமுறை.

"இனி எப்பிடியடி சொல்லுறது? ரெண்டு வருசமா ஏன் மறைச்சனி எண்டு கேட்டா?"

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடும் மழை. அவளால் வெளியே போக முடியவில்லை. குளியலறைக்குள் போனவள் திரும்பி வரவில்லை. அத்தான் கதவை உடைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினார். காலிக்குப் போகும் பெருவீதியில் வாகனங்கள் அசையவேயில்லை.

"இவவுக்கு முந்தியே தொய்வு இருக்கா?" என்று டொக்டர் கேட்டாராம். "இல்லை" என்றாராம் அத்தான். அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எட்டாம் நாள் கழிந்து அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலை அலுமாரிக்குள் கிடந்த வெற்றுப் பம்புகளை மேசையில் வைத்தார்.

"இதெல்லாம் என்ன தங்கச்சி?"

நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"சொல்லியிருந்தா சாம்பிராணியை நிப்பாட்டியிருப்பம். அவ்வளவுதானே" என்றார். பிறகு, "என்ர அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். தன்னாலதான் எண்டு நினைச்சா தாங்கமாட்டா."

அவர் போன பிறகு அம்மா அறையிலிருந்து வந்தாள்.

"அவர் என்ன கேட்டவர்?"

"எல்லாத்தையும் சொல்லிட்டன்."

அம்மா நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். அக்காவைக் கொண்டுபோன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் பக்கத்தில் போகாமல் யன்னலோரம் நின்றேன். அன்றைக்கு அவளுடைய தோளில் ஒரு கை வைத்திருக்கலாம்.