பகல்ல முழிச்சிருக்கிற புருஷன்

எங்க வூட்டுக்காரரு ரிட்டயர் ஆவப்போறாருன்னு தெரிஞ்சதும் தெருவே சந்தோஷப்பட்டுது. நான் மட்டும் சந்தோஷப்படல.

"இனிமே ஒனக்கு ராஜ வாழ்க்கைதான்டி, ராத்திரியில பயந்துகிட்டுத் தனியாப் படுக்க வேணாம்"னு ஆளாளுக்குச் சொன்னாங்க. ராத்திரி தனியாப் படுக்க எனக்கு இன்னா பயம்? கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து தனியாத்தான் படுக்கறேன். என் பயமெல்லாம் பகலைப் பத்தி. வெளியில சொன்னா சிரிப்பாங்களேன்னு வாயை மூடிகிட்டு இருந்தேன்.

வெவரமாச் சொல்லிடறேன். எங்க வூடு ஒதியம்பட்டுல. அவருக்கு வேலை திருபுவனையில, ஒரு கம்பெனியில பாய்லர் செக்சன். மத்தவங்களுக்கெல்லாம் ஷிப்ட் மாறி மாறி வரும். இவரு மட்டும் கேட்டு வாங்கி நைட் ஷிப்ட்டுலயே இருந்தாரு. அப்பத்தான் கழனியைப் பாத்துக்க முடியும்னு ஒரு நெனப்பு. ஊர்க்கோடியில எங்களுக்குக் கொஞ்சம் நெல்லு கழனி இருக்குது. காலையில வேலை முடிஞ்சி நேரா அங்க போவாரு, மோட்டாரைப் போட்டு மடையைப் பாத்துட்டு வூட்டுக்கு வருவாரு. குளிச்சிட்டு இட்லியைச் சாப்புட்டுப் படுத்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பாரு. டீ குடிச்சிட்டுக் கடைத்தெருவுக்கு ஒரு நடை. வந்து சோறு சாப்புட்டா கெளம்ப வேண்டியதுதான். "போடட்டுமா?" "போடு." "வண்டி சாவி எங்க?" "ஆணியில." இவ்ளோதான் எங்க ரெண்டு பேரு பேச்சு. இதுல எப்படி ஒரு பொண்ணு பொறந்துச்சுன்னு கேக்காதீங்க, வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு.

பகல்ல அவரு தூங்கணுமே! அதுக்குன்னு எங்க வூட்டுல ஒரு சட்டம் இருந்துச்சு. சட்டம் போட்டது நான்தான், அவரு ஒரு நாளும் கேட்டது கெடையாது. ராத்திரி பூரா நெருப்பாண்ட நிக்கிற மனுஷன், பகல்ல தூக்கம் கெட்டு அங்க போயி கண்ணு அசந்துட்டா இன்னா ஆவறதுன்னு எனக்குத் திக்கு திக்குன்னு இருக்கும். அதனால வூட்டுல குக்கரே கெடையாது, விசில் அடிச்சித் தொலைக்கும். சோறு பானையில வடிக்கிறதுதான். சட்னி, மசாலா அரைக்கிறதெல்லாம் அவரு வண்டி தெருவுல திரும்பறதுக்கு முன்னாடி முடிஞ்சிடணும். காலிங் பெல்லு வயரைப் புடுங்கிட்டேன். கதவு கீலுக்கெல்லாம் தேங்கா எண்ணெய் வுட்டேன்.

டிவியில சீரியல் ஓடும், சத்தம் இருக்காது. மாமியாக்காரி வாயை அசைப்பா, மருமவ கண்ணைத் தொடைப்பா. இன்னா பேசறாளுங்கன்னு நானே வெச்சிக்குவேன். மாமியாருக்கு ஒரு கொரலு, மருமவளுக்கு ஒரு கொரலுன்னு முணுமுணுன்னு நானே பேசிக்குவேன். நெஜமா எழுதுறவன் எழுதினதைவிட என்னோடது நல்லாத்தான் இருந்திருக்கும்.

தெருவுக்கும் எங்க சட்டம் தெரியும். காய்கறி வண்டிக்காரன் எங்க வூடு வந்தா மைக்கை நிறுத்திட்டுத்தான் தாண்டுவான். மீன்காரம்மா கூவ மாட்டாங்க, கேட்டாண்ட வந்து நிப்பாங்க. நான் எட்டிப் பாத்தா கையாலதான் சொல்லுவாங்க. சுண்டுவெரலை ஆட்டினா நெத்திலி. உள்ளங்கையை விரிச்சா சங்கரா. முழங்கை வரைக்கும் தொட்டுக் காட்டினா சீலா. நான் தலையை ஆட்டுவேன், இல்லன்னா மூஞ்சைச் சுளிப்பேன். "ஒன் வூட்டுல யாவாரம் முடிக்கறதுக்குள்ள எனக்குக் கையே கழண்டுடுதுடி"ம்பாங்க, அதையும் காதாண்ட வந்து. என் பொண்ணு சின்னதுல அழறப்பக்கூட வாயைப் பொத்திகிட்டு அழும். பள்ளிக்கூடத்துல டீச்சரு கூப்புட்டுச் சொன்னாங்க, "சத்தமாப் படின்னா ஒங்க பொண்ணு காத்துதாங்க ஊதுது"ன்னு.

எனக்குன்னு இருந்தது பக்கத்து வூட்டு அக்காதான். மத்தியானம் வேலையெல்லாம் முடிஞ்சதும் பின்பக்கமா வருவாங்க. தோட்டத்துல நெழல்னா தொவைக்கிற கல்லாண்ட செவத்தோரம் மட்டும்தான். அங்க ஒக்காந்து நான் கீரை ஆய, அக்கா அரிசி பொடைக்க, தலையும் தலையும் ஒட்டுற மாதிரி வெச்சிகிட்டு குசுகுசுன்னு பேசுவோம். மனசுல இருக்கறதெல்லாம் அங்கதான் கொட்டுவேன். குதிகாலு வெடிச்சிருக்கறதுலேர்ந்து என் நாத்தனார் பேசின பேச்சு வரைக்கும். அவரைப் பத்தியும்தான், வுடுவேனா? "அது மனுஷனாக்கா? அம்மிக்கல்லு. நான் செத்துக் கெடந்தாகூட சாயங்காலம் எழுந்து வந்து டீ எங்கன்னுதான் பாக்கும்"னு சொல்லியிருக்கேன்.

அந்த அக்காகிட்டதான் என் பயத்தையும் சொன்னேன். "இந்த ஆளு பகல்ல முழிச்சிருந்தா நான் இன்னாக்கா பண்ணுவேன்? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துகிட்டு இன்னா பேசறது?"

அக்கா தலையில அடிச்சிகிட்டாங்க. அவங்க வூட்டுக்காரரு ரிட்டயர் ஆனவரு. கேஸ் அடுப்பைச் சின்னதாக்கறதும், ஓடற ஃபேனை நிறுத்தறதும், கொழம்புல எட்டிப் பாத்து "புளி தூக்கலாத் தெரியுதே"ங்கறதுமா உசுரை எடுக்கறாராம்.

"ஒங்காளாவது வாயைத் தொறந்து நச்சரிக்குதுக்கா. எங்காளு ஒண்ணும் சொல்லாம ஒக்காந்து பாத்துகிட்டே இருந்தா? அதை என்னால தாங்க முடியாது"ன்னேன்.

அந்த நேரம் பாத்து ஓசூர்ல இருக்கற என் பொண்ணு போன் பண்ணுது. கைக்கொழந்தைக்காரி, லீவு முடிஞ்சி வேலைக்குப் போவணும். "நீ வந்து எங்ககூடவே இருந்துடும்மா. அப்பா ஒத்த ஆளுதானே, சமாளிச்சிக்குவாரு"ங்குது. எனக்குத் தப்பிக்க ஒரு வழி கெடைச்ச மாதிரி இருந்துச்சு. வரேன்னு சொல்லிட்டேன். அவருகிட்ட சொல்லல. இத்தினி வருஷம் ஆக்கிப் போட்ட ஆளை வுட்டுட்டுப் போறேன்னு எப்படிச் சொல்றது? அதைவிட ஒண்ணு இருந்துச்சு. நான் சொல்லி, அவரு "சரி போ"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிட்டாருன்னா? நான் இருக்கணும்னு இந்த ஆளுக்குத் தோணுமா தோணாதான்னே எனக்குத் தெரியாது. அத்தினி வருஷம் குடும்பம் நடத்தியும் தெரியாது. அதையும் அக்காகிட்ட செவத்தோரம் ஒக்காந்து சொல்லி அழுதேன், சத்தம் வராம.

ரிட்டயர் ஆன அன்னிக்கு கம்பெனி வேன்ல மாலையும் சால்வையுமா கூட்டியாந்து வுட்டாங்க. பரிசா ஒரு செவத்துக் கடியாரம். கூட வந்தவங்க ஒக்காந்து கலரு குடிச்சாங்க, மிக்சர் சாப்புட்டாங்க, "அண்ணியை நல்லாப் பாத்துக்கங்கண்ணே"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. இவரு தலையைத் தலையை ஆட்டிகிட்டு நின்னாரு.

மறுநாள் காலையில கழனிக்குப் போயிட்டு வந்தாரு. குளிச்சாரு. இட்லி சாப்புட்டாரு. அப்பறம் ரூமுக்குள்ள போவல. ஹால்ல பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டாரு. வந்துடுச்சுடா சனியன்னு நெனைச்சிகிட்டேன். அவரு முழிச்சிகிட்டு ஒக்காந்திருக்காரு, நான் பழக்கதோஷத்துல நுனிக்கால்ல நடக்கறேன், பாத்திரத்தைப் பஞ்சு மாதிரி வெக்கிறேன். எனக்கே சிரிப்பா வந்துச்சு, சிரிக்கத்தான் தைரியம் இல்ல.

மீன்காரம்மா வந்தாங்க. ஹால்ல இவரு ஒக்காந்திருக்கறதைப் பாத்தும் பாக்காத மாதிரி, வழக்கம்போல எனக்குச் சுண்டுவெரலை ஆட்டிக் காட்டுறாங்க. நான் சரின்னு தலையை ஆட்டப் போறேன், இவரு வாயைத் தொறந்தாரு.

"நெத்திலி வேணாம்மா. அதை ஆயறதுக்குள்ள இவளுக்குக் கழுத்து புடிச்சிக்கும். சீலா இருந்தா குடு."

மீன்காரம்மா "அய்ய, பேசுது!"ன்னுட்டாங்க. சீலாவை வெட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. கழுத்து வலின்னு நான் அவருகிட்ட மூச்சு வுட்டதே கெடையாது. நெத்திலின்னா அவருக்கு உசுரு, அதனால ஒண்ணும் சொல்லாம ஆஞ்சி ஆஞ்சி கொழம்பு வெச்சிகிட்டிருந்தேன். இவருக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் டிவியைப் போட்டேன், கை தானா சத்தத்தை நிறுத்திடுச்சு. "சத்தம் வெய்யேன்"னாரு. வெச்சேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு அவரு சொன்னாரு, "இந்த மாமியாரு கொரலு ஒண்ணும் நல்லா இல்லியே. நீ பேசறதுதான் நல்லா இருக்கும்."

ரிமோட்டைக் கீழ வெச்சிட்டு அவரு பக்கம் திரும்பினேன்.

"அப்ப இத்தினி வருஷமா பகல்ல நீங்க தூங்கவே இல்லியா?"

"தூங்குவேன். வந்ததும் அசந்து தூங்குவேன். மத்தியானம் நீ டிவி முன்னாடி முணுமுணுத்தாலும், தோட்டத்துல நீயும் அக்காவும் ஆரம்பிச்சாலும் முழிப்பு வந்துடும்."

"நாங்கதான் சத்தமே போட மாட்டமே!"

"அதான் கேடு. பாய்லர் இரைச்சல்ல பொழங்கறவன் நான். நீங்க கத்திப் பேசியிருந்தா மகராசனாத் தூங்கியிருப்பேன். குசுகுசுன்னு பேசினா, இன்னாதான் பேசறாளுங்கன்னு காது தானாப் போவுது. செவத்துக்கு அந்தாண்ட நீங்க, இந்தாண்ட என் கட்டிலு. தலைமாட்டுலயே ஒக்காந்து பேசற மாதிரி இருக்கும்."

இத்தினி வருஷம் நான் பேசினது அத்தினியும் வரிசையா மனசுல ஓடுது. நாத்தனார் சங்கதி. அம்மிக்கல்லு.

"அம்மிக்கல்லுன்னு சொன்னது?"

"கேட்டேன்."

"அடப்பாவி மனுஷா!" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "காது குளுரக் கேட்டுகிட்டு கல்லு மாதிரி படுத்திருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேற எடத்துல போயி பேசியிருப்போம், நீங்களும் நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க. ஏன் சொல்லல?"

"வேற எடத்துக்குப் போயிடுவியே. அதான் சொல்லல."

டிவியைப் பாத்துகிட்டேதான் சொன்னாரு. அப்பத்தான் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு, நான் செவத்தோரம் பொலம்பினதுக்கெல்லாம் பின்னாடியே ஏதோ ஒண்ணு நடந்திருக்குது. ஒரு தடவை எனக்குன்னு மெத்துனு ஒரு செருப்பு கொண்டாந்தாரு, கம்பெனியில குடுத்தாங்கன்னாரு. ஒரு கோடையில அடுப்பாண்ட வெக்க ஒரு சின்ன ஃபேன் வந்துச்சு, யாரோ சும்மா குடுத்தாங்கன்னாரு. எங்கம்மா தெவசத்தன்னிக்கு ஒரு தடவை லீவு போட்டுட்டு வூட்டுல இருந்தாரு, ஒடம்பு சரியில்லன்னாரு. நானும் நம்பிட்டேன். எந்தக் கம்பெனி பொம்பள செருப்பு குடுக்கும்? நான்தான் ஒரு மண்டூகம்.

அப்பறம் அவரே கேட்டாரு. "ஓசூருக்கு எப்பப் போவணும்?"

அதையும்தானே அந்தச் செவத்தோரம் ஒக்காந்து சொன்னேன்! போயிடப் போறேன், அந்த ஆளோட பகல்ல இருக்க முடியாதுன்னு, அவரு தலைமாட்டுலயே ஒக்காந்து.

"அன்னிக்கு மட்டும் தூங்கித் தொலைச்சிருக்கலாம்னு இருந்துச்சு"ன்னாரு.

அதுவரைக்கும் இந்த ரிட்டயர்மென்ட்டுக்குப் பயந்தது நான் ஒருத்திதான்னு நெனைச்சிகிட்டு இருந்தேன். அந்த மனுஷனும் செவத்துக்கு இந்தாண்ட படுத்துகிட்டு, பகல்ல முழிச்சா பொண்டாட்டி போயிடுவாளேன்னு பயந்துகிட்டே வேலையை முடிச்சிட்டு வந்திருக்காரு. எனக்கு அழுகை பீறிகிட்டு வந்துச்சு. அந்த வூட்டுல மொத தடவையா பட்டப்பகல்ல வாய் வுட்டு அழுதேன். அவரு இன்னா பண்றதுன்னு தெரியாம ஒரு சொம்பு தண்ணியைக் கொண்டாந்து பக்கத்துல வெச்சிட்டு, திரும்பப் போயி சேர்ல ஒக்காந்துகிட்டாரு.

அதுக்காக மறுநாளே எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. ஈரத்துண்டைக் கட்டில்ல போடறாரு, எல்லா ரூமுலயும் லைட்டைப் போட்டுட்டுப் போறாரு, நான் திட்டறேன். ஆனா திட்டறதுகூட நல்லாத்தான் இருக்குது. இன்னா பேசறதுன்னு பயந்தேனே, பேச்சுக்கா பஞ்சம்? அவருக்குப் பாதிக் கதை தெரியும். "அந்த நாத்தனார் சங்கதி அப்பறம் இன்னா ஆச்சு?"ன்னு கேக்கறாரு. அக்கா இப்ப முன்வாசலாவே வராங்க, சேரு போட்டு ஒக்காராங்க.

பொண்ணுக்குப் போன் பண்ணினேன். "இப்பத்திக்கு ஒன் மாமியாரைக் கொஞ்ச நாளு வந்து இருக்கச் சொல்லுடி. கதிரு அறுத்ததும் நாங்க ரெண்டு பேரும் வரோம், ஒரு மாசம் இருந்துட்டு ரெண்டு பேரும் திரும்பிடுவோம்"னேன்.

"அப்பா இங்க வந்து இன்னாம்மா பண்ணுவாரு? யாருகிட்டயும் பேசக்கூட மாட்டாரே."

"பேச மாட்டாருடி. கேப்பாரு"ன்னு சொன்னேன்.