ஒன்பதாவது டாக்டர்

போன வாரம் என் கடைவாய்ப்பல் ஒன்று என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. சுரங்க டவுன்ஷிப்பை விட்டு வடலூர் போகிற சாலையில் புதிதாக வந்திருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, மீன் தொட்டி, பேரைச் சொன்னதும் சிரிக்கிற ஒரு பெண், எல்லாம் இருந்தது. கிராம்புத் தைல வாசனை மட்டும் இல்லை. அந்த வாசனை இல்லாத பல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் எனக்குத் துணிக்கடையில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது.

சுவரில் பெரிய போர்டு. எந்தக் கிழமை எந்தப் பிரிவு டாக்டர் வருவார் என்று எழுதி, ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் பட்டமும் பதிவு எண்ணும் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அது பழைய வியாதி. மொத்தம் ஏழு பிரிவு. ஒன்பது இருக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் முகாம் போடுகிற பிரிவுக்குக் கிளினிக்கில் வேலையில்லை, அதை விட்டுவிடலாம். இன்னொன்று?

"ஒண்ணு கொறையுதேம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "வாயில இருந்து சதை எடுத்து, கண்ணாடியில வச்சுப் பார்த்துச் சொல்லுவாங்களே, அவங்க?"

"அதெல்லாம் லேப் மேம். டாக்டர் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீங்கிய கன்னத்தோடு கோபப்பட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மனசு உட்காரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பின்னால் போய், மெயின் பஜாரில் ஒரு மாடிப்படி ஏறிவிட்டது.

அந்த மாடியில்தான் டாக்டர் ஜெயராணி கிளினிக் வைத்திருந்தார். கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். எனக்கு அங்கே டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, கடிதம் எழுதுவது என்று சகல வேலையும். வெள்ளைக் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள்தான்; கோட்டுப் போட்ட முதல் ஆள் நான். வளையமாதேவிப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்குப் பஸ்ஸில் போகும்போதும் அதைக் கழற்ற மாட்டேன். வெயிலில் வெந்துகொண்டு போவேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

கிளினிக் திறந்த புதிதில் போர்டு எழுத வந்த பெயிண்டர், டாக்டர் பேருக்குக் கீழே தானாகவே 'பல் நிபுணர்' என்று எழுதிவிட்டார். டாக்டர் படியிறங்கி வந்து பார்த்தார்.

"அந்த நிபுணரை எடுத்துடுங்கண்ணே."

"நல்லா இருக்கட்டும்னுதாங்க போட்டேன். எல்லாரும் போட்டுக்கறாங்க. நாலே எழுத்து."

"அந்த நாலு எழுத்துக்கு இன்னும் மூணு வருஷம் படிக்கணும். நான் படிக்கல."

பெயிண்டர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் போனார். ஆனால் நீல போர்டில் அந்த இடம் மட்டும் வெளுத்து நின்றது. காலையில் பார்த்தால் எழுத்து ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நாலு எழுத்தும் நன்றாகவே படிக்க வரும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், புது ஆட்கள் யாராவது வந்து கேட்டால் "சாயந்தரமா வாங்க" என்றுதான் நான் சொல்லி அனுப்புவேன்.

டவுன்ஷிப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த பிளாக், எந்த ஷிப்ட், பெர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்று ஆளை ஒரு வகையில் சேர்க்காமல் யாரும் பேச்சையே தொடங்க மாட்டார்கள். டாக்டரையும் விடவில்லை. "நீங்க ஸ்பெஷலிஸ்ட்டுங்களா?" என்று கேட்பார்கள். "இல்லீங்க, சாதாரணப் பல் டாக்டர்" என்பார் அவர். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு வயிறெரியும். அவர் வேர் சிகிச்சை செய்தால் நோயாளி நாற்காலியிலேயே குறட்டை விடுவார், அப்படியொரு கை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாத்தையும் நல்லா செய்யறீங்க. சொல்லிக்கிட்டா என்னங்க?"

"நல்லா செய்யறது வேற, பிரிவு வேற" என்றார். "ஒரு பிரிவுன்னு தனியா ஏத்துக்கணும்னா, மத்த யாராலயும் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒண்ணு அதுக்குன்னு இருக்கணும். அந்தப் பதிலைத் தேடறதுக்குத் தனிப் படிப்பு, தனிப் பரீட்சை. அப்புறம்தான் கவுன்சில் ரிஜிஸ்டர்ல அந்தப் பேரோட ஏத்துவாங்க. நாமளா ஏறிக்க முடியாது."

உள்சுவரில் ஒரு தாளில் ஒன்பது பிரிவையும் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார். யாரை எங்கே அனுப்புவது என்று பார்த்துக் கடிதம் எழுத அது எனக்கான தாள். வேருக்கு ஒருவர், ஈறுக்கு ஒருவர், கோணல் பல்லை இழுத்து நேராக்க ஒருவர், இல்லாத பல்லைக் கட்டித் தர ஒருவர், குழந்தைகளுக்கென்று ஒருவர், தாடையை அறுத்துச் சரிசெய்ய ஒருவர், படமெடுத்து நோயைக் கண்டுபிடிக்க ஒருவர், ஊருக்கே பல்லைக் காக்க ஒருவர். என் ஒரு கைப்பிடி அளவு வாய்க்கு இத்தனை காவல்காரர்களா என்று முதல்நாள் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டேன். ஒன்பதாவது என்னவென்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிரிவுக்கு ஒரு கடிதம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.

அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கொரு அண்ணன் இருந்தார்.

அண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. சுரங்கத்துக்குள் பீடிக்கும் தீப்பெட்டிக்கும் இடம் கிடையாது, பழுப்பு நிலக்கரி பற்றிக்கொள்ளும். அதனால் பீடி பிடிக்கிற ஆட்கள் பாக்கும் புகையிலையும் கலந்த பாக்கெட்டுக்கு மாறிவிடுவார்கள். ஷிப்ட் தொடங்கும்போது கன்னத்தில் ஒதுக்கினால் முடிகிறவரை அங்கேயே இருக்கும். அண்ணனுக்கு இடது கன்னம். தீப்பிடிக்காத பழக்கம் என்பதால் அதை நல்ல பழக்கமென்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும்தான், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ஊற்றினேன். அண்ணன் தட்டை ஒதுக்கிவிட்டுத் தயிர் கேட்டார். எங்கள் வீட்டில் பச்சை மிளகாயை வெள்ளரிப் பிஞ்சாகக் கடிக்கிறவர் அவர்.

"என்னாண்ணா, ஒடம்பு சரியில்லியா?"

"வாயில காரம் பட்டா எரியுது பாப்பா. ரெண்டு மாசமா இப்பிடித்தான் இருந்துகினு இருக்குது."

மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். டாக்டர் அவரிடம், "உங்க மூணு விரலைச் சேர்த்து, நிக்கவச்சு வாய்க்குள்ள விடுங்க" என்றார். அண்ணனுக்கு வாய் முழுசாகத் திறக்கவில்லை, இரண்டு விரல்தான் போயிற்று. அதுவும் இடித்தது. டாக்டர் விளக்கை இழுத்து வெகுநேரம் இடது கன்னத்துக்குள் பார்த்தார்.

"வெள்ளையா ஒரு திட்டு இருக்குங்க. அது இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாராலயும் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. புதுச்சேரி பல் காலேஜுக்குப் போகணும்."

வெளியே வந்ததும் அண்ணன், "தெரியாதுன்னு சொல்ற டாக்டருகிட்ட என்னாத்துக்கு பாப்பா வேலை பாக்கற?" என்றார். லீவு போட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், ஆகவே காலேஜ் பக்கமே வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சரி, நீங்கள் போகாவிட்டால் உங்கள் சதை போகட்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு நெல்லளவு எடுத்து, மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தார். உறையின் மேல் அந்த ஒன்பதாவது பிரிவின் பேரை நான்தான் எழுதினேன்.

புதுச்சேரி பஸ். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். குறிஞ்சிப்பாடியில் ஏறிய ஒரு அம்மாள், "என்னாம்மா அது, ஊறுகாயா?" என்று கேட்டார். "மருந்துங்க" என்றேன். எங்கள் அண்ணனை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

காலேஜில் மற்ற பிரிவு வாசலிலெல்லாம் கூட்டம். அந்தப் பிரிவு வராந்தாவின் கடைசியில் இருந்தது, வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. உள்ளே மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடி ஒல்லியாக ஒரு பெண் டாக்டர். பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "அடுத்த வாரம் வாங்க" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வாரமும் அண்ணன் தயிர்ச் சோறு சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்.

மறுவாரம் போனபோது அந்தப் பெண் டாக்டர், "நோயாளி உங்களுக்கு யாருங்க?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார். "வாங்க, நீங்களே பாருங்க."

குனிந்தேன். கறுப்பாக மயிர் மயிராக என்னவோ தெரிந்தது. அய்யோ, இதுவா என்று அலறிவிட்டேன். "அது உங்க கண்ணிமை மயிருங்க" என்றார் அவர், சிரிக்காமல். நான் தலையைச் சரிசெய்துகொண்டேன்.

அப்புறம் தெரிந்தது. ஊதாவும் ரோஸுமாக ஒரு ஊரே விரிந்து கிடந்தது. நெல்லளவு சதைக்குள் இத்தனை இருக்குமா? மேலே ஊதாப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு, பெரிசும் சிறிசுமாக, ஒழுங்கில்லாமல். கீழே வெளிறிய ரோஸ். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடு.

"மேல இருக்கறதெல்லாம் கெட ஆரம்பிச்சிருச்சு. ஆனா அந்தக் கோட்டைத் தாண்டி ஒண்ணுகூட கீழ எறங்கல. எறங்கியிருந்தா அதுக்குப் பேரே வேற. அத்தனை துண்டையும் பார்த்துட்டேன், எங்கயும் தாண்டல. இப்ப வெட்டி எடுத்துட்டு, அந்தப் பழக்கத்தையும் விட்டுட்டா பொழைச்சுக்குவாரு."

டாக்டர் ஜெயராணி சொன்ன அந்தக் கேள்வி எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோட்டைத் தாண்டியதா, இல்லையா? பல் பிடுங்குகிறவர், கட்டுகிறவர், அறுக்கிறவர் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இந்த ஒரு பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். மைக்ராஸ்கோப் டாக்டர் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டு, பட்டத்தையும் பதிவு எண்ணையும் எழுதினார். அந்த எண்ணைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. கும்பிட்டும் விட்டேன். அவர் கூச்சப்பட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"எட்டு வருஷம் படிச்சும் ஒரு பல்லுகூட புடுங்கலியேன்னு எங்கம்மாவே கேலி பண்றாங்க. நீங்க என்னடான்னா..." என்றவர், தாளை நீட்டியபடி, "உங்க அண்ணன் பாக்க எப்படி இருப்பாரு?" என்றார். "இங்க யார் முகமும் வராது. அதான் கேட்டேன்."

"என்னை மாதிரியேதாங்க. மீசை உண்டு."

வீட்டில் அண்ணன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைய வேண்டிய வசவையெல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

"இவுங்களுக்கு என்னெ தெரியுமா?"

"உன் மூஞ்சிய கூட பாத்ததில்ல."

"தெரிஞ்சவங்க பயமுறுத்துவாங்க. இவுங்களுக்கு என்னா வந்துச்சு?" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை அடுப்பில் போட்டார்.

தாடை அறுக்கிற டாக்டர் திட்டை வெட்டி எடுத்தார். அதன்பிறகு வாயைத் திறக்கப் பயிற்சி. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்ள வேண்டும், வாரத்துக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். வாயில் குச்சிக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருப்பார், தெருவே சிரிக்கும். மூன்று விரல் உள்ளே போன அன்று, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார்.

அந்த டாக்டரிடமும் காட்ட வேண்டும் என்றார். ஷிப்ட், நடவு, கல்யாணம் என்று தள்ளித் தள்ளி நாங்கள் போனபோது அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். அதே மைக்ராஸ்கோப்பில் வேறொருவர் குனிந்திருந்தார். அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "வாயத் தொறந்து காட்டிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார் என்னிடம். நிமிர்ந்து பார்க்காத அந்தத் தலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

டாக்டர் ஜெயராணி இப்போது மகளோடு வெளிநாட்டில். அந்த மாடியில் பேக்கரி, போர்டு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்றோ. போன வாரம் நான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். புதுக் காலனி வீடு. எங்கள் ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்த பிறகு கிடைத்த மனை. பெட்டியைத் திறந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து, கையெழுத்தும் பதிவு எண்ணும் மட்டும் அழியாமல் இருந்தன. மேலே அண்ணன் பேர், வயது, கதவு எண், தெற்குத் தெரு, ஊர். அந்தக் கதவு இப்போது இல்லை. தெருவும் இல்லை, அது இருந்த மண்ணும் இல்லை, எட்டிப் பார்த்தால் பள்ளம்தான். அந்தத் தாளில் எழுதியிருந்ததில் மிச்சமிருப்பது அண்ணன் ஒருவர்தான்.

அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா பாப்பா தேடிகினு இருக்கற?" என்றார். பிறகு நறுக்கென்று ஒரு பச்சை மிளகாயைக் கடித்து மென்றுவிட்டு, "இப்பல்லாம் எந்த மொளகாயிலயும் காரமே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டார்.