இரண்டு காதும் தெரிய வேண்டும்

நான் பத்திரிகைத் தொழில் படிக்கப் போனதற்குக் கலைத்தாகம் எதுவும் காரணமில்லை. வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் புதிதாக அந்தப் பட்டயப் படிப்பைத் தொடங்கியிருந்தார்கள். ஆள் சேராமல் தவித்துக்கொண்டிருந்த படிப்பும், படிப்பு சேராமல் தவித்துக்கொண்டிருந்த ஆளும் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம்.

எங்கள் துறையில் ஒரு சினிமா கேமரா இருந்தது. பிலிம் இல்லை. ஆகவே செய்முறை வகுப்பில் வெறும் கேமராவைத் தோளில் வைத்து ஓடவிட்டுப் பழகினோம். கல்லூரி வாசலில் பஸ் வருவதை நான் மூன்று கோணங்களில் எடுத்திருக்கிறேன். மழையில் நனையும் சைக்கிளை வைத்து ஒரு சோக காவியமே எடுத்தேன். அந்த வருடம் நான் எடுத்ததைப் போன்ற நல்ல படங்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அப்போதும் யாரும் பார்க்கவில்லை. பக்க வடிவமைப்பு வகுப்பில் மட்டும் கருவிகள் குறைவில்லாமல் கிடைத்தன. கோந்து, பிளேடு, அடிஸ்கேல். வருட முடிவில் மூன்றும் என் விரல்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகை தயாரிக்க வேண்டும். எழுத்து, படம், வடிவமைப்பு எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பிலிம் ரோல், அதில் பன்னிரண்டு படம். ஆசிரியர் ஒரே ஒரு விதி வைத்தார்.

“படத்துல இருக்கறவன் எவனும் கேமராவைப் பாக்கக் கூடாது. பாத்தா அது கல்யாண போட்டோ. அதை எடுக்க ஊர் பூரா ஆள் இருக்கு, நீ எதுக்கு?”

செய்முறையில் நாற்பது மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி. எழுத்துத் தாள்களில் நான் எழுதியதை நினைத்துப் பார்த்தால், இந்தச் செய்முறைதான் என்னைக் கரையேற்ற வேண்டும்.

குன்னூர் மார்க்கெட்டில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். விடுமுறைக்கு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, போட்டோ புடிக்கறதுக்கெல்லாமா பரீச்சை வெப்பாங்க?”

“ஆமாங்கப்பா.”

“அதுல பெயிலாறவனும் இருப்பானா?”

நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. “அப்பச் சரி. ஆசாரிகிட்ட ஒரு ஸ்டூலு சொல்லி வெக்கறேன்” என்றார்.

மூன்றாம் நாள் ஸ்டூல் வந்துவிட்டது. கல்லாவுக்கு இடப்புறம், மிளகாய் மூட்டைக்கு அருகில், என் உயரத்துக்கு அளவெடுத்ததுபோல் நின்றது. எனக்கு மிளகாய் நெடி ஆகாது. தேர்வில் தோற்றால் ஆயுள் முழுவதும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தும்ம வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கியது.

என்ன எடுப்பது என்று யோசித்தேன். அந்த வருடங்களில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடு மலை ரயிலில் வந்து இறங்கியபடி இருந்தன. கோத்தகிரிப் பாதையில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர்களுக்கு வேலையும் லயமும் கொடுத்திருந்தார்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள். வெளியே இருந்து பார்த்தால் நின்றுபோன ரயில்போல் இருக்கும். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், குளிர், மூடுபனி. கண்ணீருக்கு நாற்பது மதிப்பெண் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன். ஒரு படம்கூட எடுப்பதற்கு முன்பே பத்திரிகைக்கு ‘மலைமேல் கண்ணீர்’ என்று பெயர் வைத்து, அட்டையில் பெரிய எழுத்தில் வரைந்தும் வைத்துவிட்டேன். எழுத்துகளின் கீழே மூன்று சொட்டுகள் வேறு.

கல்லூரி கொடுத்த கேமரா, கழுத்தில் தொங்கும் பெட்டி. மேலே ஒரு கண்ணாடி. குனிந்து அதற்குள் பார்த்தால் எதிரே இருப்பது தெரியும். ஆனால் இடவலம் மாறித் தெரியும். இடப்பக்கம் நிற்பவர் கண்ணாடியில் வலப்பக்கம் நிற்பார். இதற்குப் பழக எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பழகினேன் என்று ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை.

லயத்து முற்றத்தில் போய் நின்று, முதல் படத்துக்காகக் குனிந்தேன். எதிரே இருந்த நாலைந்து பேர் பதிலுக்குக் குனிந்து கும்பிட்டார்கள். நான் நிமிர்ந்தேன். அவர்களும் நிமிர்ந்தார்கள். மறுபடி குனிந்தேன். மறுபடி கும்பிட்டார்கள். இப்படி எவ்வளவு நேரம் நடந்திருக்குமோ தெரியாது, கடைசி அறையிலிருந்து ஓர் அக்கா கைகளைத் துடைத்தபடி வந்திராவிட்டால். முப்பது வயது இருக்கும். கொழுந்து பறிப்பவர். லயத்தில் எல்லாரையும் அவர்தான் மேய்க்கிறார் என்பது வந்த வேகத்திலேயே தெரிந்தது.

“போட்டோவுக்கா தம்பி வந்திருக்கீங்க? முந்தியே சொல்லக் கூடாதா?” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “ஏய், எல்லாம் வெளிய வாங்க! சட்டை போட்டுட்டு வாங்க! சின்னவனுக்குத் தலை சீவு!” என்று குரல் கொடுத்தார்.

ஐந்து நிமிடத்தில் அவர் புருஷன், பிள்ளைகள், பக்கத்து அறைக்காரர்கள் எல்லாரும் உயர வரிசைப்படி சுவரோரம் நின்றுவிட்டார்கள். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அக்கா வரிசையில் நடந்து, ஒவ்வொருவர் முடியையும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். ஒரு பெண்ணின் கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

“அக்கா, இப்படி வேண்டாங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க.”

“அது எப்படி நெனைக்கிறது? கண்ணு முன்னுக்கு நிக்கிறீங்களே.”

“யாரும் கேமராவைப் பாக்கக் கூடாதுங்க.”

அவர் புருஷன் வரிசையிலிருந்து அசையாமல், உதடு மட்டும் அசைய, “பாக்காட்டி அது யாரு போட்டோன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பாடத்திட்டத்தில் அதற்குப் பதில் இல்லை.

காரணத்தை அக்காதான் சொன்னார். அவர்கள் வாழ்நாளில் போட்டோவுக்கு நின்றது பாஸ்போர்ட்டுக்காக மட்டும்தான். குடும்பம் முழுவதும் ஒரே படத்தில் நிற்க வேண்டும். எல்லாருக்கும் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் படித்துப் படித்துச் சொன்னாராம். சின்னவன் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். படம் திரும்பி வந்தது. மறுபடி எடுத்து, மறுபடி அனுப்பி, கப்பல் ஏற ஏழு மாதம் சுணங்கிப்போயிற்று.

“ஒரு காது, தம்பி. ஏழு மாசம்” என்றார். சின்னவன் தரையைப் பார்த்தான். இரண்டு காதும் சிவந்திருந்தன. நன்றாகத் தெரிந்தன.

அக்காவின் தமக்கை இன்னும் சிலோனில்தான், பாஸ்போர்ட் வருவதற்காகக் காத்திருந்தார். அவருக்கு இந்தப் படத்தில் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். “நாங்க ஒழுங்கா இருக்கோமுன்னு கண்ணால பாக்கட்டும். கடதாசியில எழுதினா நம்ப மாட்டேங்கிறா.” வேறு வழியில்லாமல் முதல் படத்தை அப்படியே எடுத்தேன். மிச்சம் பதினொன்று இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்தப் பதினொன்றுக்காக நான் பட்ட பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. கொழுந்து பறிக்கும் இடத்துக்குப் போனேன். கேமராவைத் திறந்ததும் சரிவு முழுக்கப் பெண்கள் தலைத்துணியை அவிழ்த்துக் காதைக் காட்டினார்கள். செடிக்குப் பின்னால் ஒளிந்து எடுக்கலாம் என்று தவழ்ந்தேன். ஐந்து வரிசை தள்ளியிருந்து அக்காவின் குரல் வந்தது. “தம்பி, அங்கன அட்டை கடிக்கும், எந்திரிச்சு வாங்க!” ஏற்கெனவே கடித்திருந்தது. தேத்தண்ணி குடிப்பதை இயல்பாக எடுக்கலாம் என்று அக்கா புருஷனைக் கெஞ்சினேன். முகம் மறையக் கூடாதென்று அவர் கோப்பையை மார்புக்கு நேராகப் பிடித்தபடி, குடிக்காமல், நான் சொல்லும்வரை நின்றார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. அங்கே இருந்த ஆடு ஒன்றுதான் யாரும் சொல்லாமலே இரண்டு காதையும் காட்டியது. அதுவும் கேமராவைத்தான் பார்த்தது.

கண்ணீர் எங்கேயும் இல்லை. நானே அழுதிருந்தால்தான் உண்டு.

மாலையில் முற்றத்துக்குத் திரும்பியபோது ஒரே ஒரு படம் மிச்சமிருந்தது. நான் கண்ணுக்குள் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவோ வேறு முடிவு செய்திருந்தார்.

“கடேசிப் படத்துல நீங்களும் நில்லுங்க. யாரு எடுத்துத் தந்ததுன்னு எங்கக்கா கேப்பா இல்ல? பொட்டியக் குடுங்க, நான் அமுக்குறேன்.”

“அக்கா, இதுல எல்லாம் மாறித் தெரியும்...”

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். போய் நில்லுங்க.”

கேமராவை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, அமுக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, வரிசையின் ஓரத்தில் போய் நின்றேன். அவர் குனிந்தார். பழக்கத்தில் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

“தம்பி, ஓரத்துல நிக்கிறீங்க. உள்ளுக்கு வாங்க” என்று ஒரு கையைக் காட்டினார். கண்ணாடியில்தான் இடவலம் மாறுமே. கை காட்டிய பக்கம் உள்ளே வருவதற்கு அல்ல, வெளியே போவதற்கு. எட்டு மாதம் இதையே படித்த நான், அந்தக் கையை நம்பி வெளியே நகர்ந்தேன்.

“இன்னும்.”

நகர்ந்தேன்.

“என்ன தம்பி, சொல்லச் சொல்ல ஓடுறீங்க? இன்னும் உள்ளுக்கு!” என்று கேமராவோடு என் பக்கமே திரும்பினார்.

பெரிதாக ஒரு எட்டு வைத்தேன். லயத்து ஓரத்தில் சாக்கடை. ஒரு கால் அதற்குள் போனது, மற்றது வானத்துக்குப் போனது. பதறிப்போன அக்காவின் விரல் தானாக அமுக்கிவிட்டது.

கோயமுத்தூரில், இருட்டறையின் சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டுக்குள் படங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. முதலில் காதுகள் தெரிந்தன. பிறகுதான் மனிதர்கள் வந்தார்கள். பதினொரு தாள், எல்லாக் கண்களும் என்னையே பார்த்தன. பன்னிரண்டாவதைத் தட்டில் போட்டுவிட்டு, கழுவக்கூட மனமில்லாமல் நின்றேன். அதில் நான் பாதி சாக்கடையிலும் பாதி ஆகாயத்திலும் இருந்தேன். ஆனால் எனக்குப் பின்னால் அந்த வரிசை உடைந்திருந்தது. அக்கா புருஷன் தொடையில் தட்டிச் சிரித்தார். தொப்பி கழற்றப்பட்ட பெண் பக்கத்திலிருப்பவள் தோளில் சாய்ந்திருந்தாள். சின்னவன் இரண்டு கைகளாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குதித்தான். ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.

மற்றப் பதினொன்றையும் வடிவமைப்பால் காப்பாற்ற முயன்றேன். நேராக நிற்பவர்களைக் கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் ஓர் இயக்கம் வரும் என்று பாடத்தில் இருந்தது. எல்லாப் படத்தையும் சாய்த்து ஒட்டினேன். அட்டையில் ‘கண்ணீர்’ மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து, மிஞ்சிய ‘மலைமேல்’ என்பதையே பெயராக்கினேன். மூன்று சொட்டுகளையும் தேயிலைக் கொழுந்தாக மாற்றி வரைந்தேன். பன்னிரண்டாவது படத்தை நடுப்பக்கம் முழுக்கப் போட்டேன். கடைசிப் பக்கத்தில், வழக்கப்படி, ‘படங்கள்: ஆசிரியர்’ என்று என்னையே குறிப்பிட்டு எழுதினேன்.

தேர்வு அன்று ஆசிரியர் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார்.

“ஏம்ப்பா, எல்லாரும் சரிஞ்சு நிக்கறாங்க?”

“மலைப்பிரதேசம் சார்.”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அடுத்து ஆட்டைப் பார்த்தார். கோப்பையை ஏந்தி நிற்கும் மனிதரைப் பார்த்து, “இவரு என்ன, சத்தியம் பண்றாரா?” என்று கேட்டார். பேனா இன்னும் மூடியோடுதான் இருந்தது. பிறகு நடுப்பக்கம் வந்தது. பத்திரிகையைக் கண்ணுக்கு அருகே தூக்கினார்.

“இது படம்” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த கேள்வியில் போயிற்று.

“விழறது யாரு?”

“நான்தான் சார்.”

“நீ விழறேன்னா, எடுத்தது யாரு?”

தானாக எடுக்கும் விசை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெட்டியில் அப்படி எதுவும் கிடையாது. அதைக் கொடுத்தவரே அவர்தான். ஸ்டூல் கண்ணில் நின்றது, பக்கத்தில் மிளகாய் மூட்டை. பரீட்சை அறையிலேயே தும்மல் வந்தது. தும்மிவிட்டு உண்மையைச் சொன்னேன்.

“தேயிலை பறிக்கற ஒரு அக்கா சார்.”

“அந்தம்மா இதுக்கு முன்னால கேமரா புடிச்சிருக்காங்களா?”

“இல்ல சார். அதுதான் முதல் தடவை.”

“நீ எத்தனை நாளாப் புடிக்கறே?”

“எட்டு மாசமா சார்.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். கடைசிப் பக்கத்துக்குப் போய், ‘படங்கள்: ஆசிரியர்’ என்பதற்குப் பின்னால் சிவப்பு மையில் ‘ஒன்று நீங்கலாக’ என்று எழுதினார். பிறகு மதிப்பெண் தாளை இழுத்தார்.

“முப்பத்தஞ்சு அந்தம்மாவுக்கு. அஞ்சு உனக்கு. நாப்பது.”

“எனக்கு அஞ்சு எதுக்கு சார்?”

“விழுந்ததுக்கு. அது இயல்பா இருந்துச்சு.”

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மதிப்பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டூலை வீணாக்க மனமில்லாமல் அதன்மேல் ரேடியோவை வைத்தார். அது பல வருடம் அங்கே உட்கார்ந்து, எனக்குப் பதிலாக மிளகாய் நெடியில் கரகரத்தது.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் பிரதிகளோடு லயத்துக்குப் போனேன். அக்கா கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு முதல் படத்தை வாங்கினார். ஒவ்வொரு முகமாக விரல் வைத்து, இடது காது, வலது காது என்று பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் சின்னவனிடம் வந்து இரண்டு தடவை பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டி, தமக்கைக்கு எழுதி வைத்திருந்த கடிதத்துக்குள் மடங்காமல் வைத்தார்.

நான் பன்னிரண்டாவதை நீட்டினேன். இந்தப் படத்தால்தான் நான் தேறினேன், இதற்கு முப்பத்தைந்து மதிப்பெண், அதுவும் உங்களுக்கு என்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டே சொன்னேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இது சரிவராது தம்பி. உங்களுக்கு ஒரு காதுதான் தெரியுது.”